வளையம் வைத்தவர்

என் வீட்டுக்காரர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டும். கொடுத்ததை மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருந்தால் போதும், பத்தொன்பது வருட வேலை கையை விட்டுப் போயிருக்காது. அது அவருக்கு வரவில்லை. ஊரில் எத்தனையோ பெண்கள் புருஷன் சோம்பேறி என்று அழுகிறார்கள். என் தலையெழுத்து, நான் இதற்காக அழ வேண்டியிருக்கிறது.

அவர் மெக்கானிக். கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் மெஷின்களை வாடகைக்கு விடும் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தார். தகரக் கூரை, ஆயில் ஊறிக் கறுத்த சிமென்ட் தரை, சுவரோரமாக இரண்டு வரிசையில் மெஷின்கள். தரையை அறுக்கிற கட்டர், மண்ணை இடித்துச் சமன் செய்கிற பிளேட், குழியில் தேங்கிய தண்ணீரை இறைக்கிற பம்பு என்று மொத்தம் முப்பத்தெட்டு. வேலைதான் வேறு வேறு. மேலே உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் என்ஜின் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. ஒரு ஆள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிற அளவுதான் இருக்கும், கயிற்றை இழுத்தால் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். என் பிறந்தநாள் அவருக்கு ஞாபகம் இருக்காது. பதினேழாம் நம்பர் பம்புக்கு எப்போது ஆயில் மாற்றினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஷெட்டில் அவருக்குப் பட்டப்பெயர் 'தூசி'. முகத்துக்கு நேராகவே 'தூசி அண்ணே' என்பார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். சிமென்டை அறுக்கிற இடத்தில் பறக்கிற தூசி இருக்கிறதே, அது மாவு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே போனால் உப்புக் காகிதம். ஏர் ஃபில்டரைத் தாண்டி ஒரு சிட்டிகை போனாலும் பிஸ்டனைத் தேய்த்துவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரு மெஷின் வேலை முடிந்து திரும்பி வந்தால் முதலில் ஃபில்டரைக் கழற்றுவார். அதற்குப் பின்னால் கார்புரேட்டருக்குப் போகிற குழாயில் மோதிர விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பார்ப்பார். விரல் சுத்தமாக இருந்தால் சரி. நரநரவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் அன்றைக்கு யாரோ ஒருவர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். கல்யாணமான புதிதில் வீட்டு ஜன்னல் விளிம்பிலும் அதே விரலை ஓட்டிப் பார்த்தார். என் மாமியார்கூட அந்த வேலையைச் செய்ததில்லை.

நான் செருப்புப் பட்டறையில் வேலை செய்கிறேன். ரப்பர் ஷீட்டில் அச்சு வைத்து வெட்டி வருகிற செருப்பு அடிகளுக்கு ஓரம் சீவுவது என் வேலை. ஷெட்டில் நடந்ததெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அண்ணன் அங்கே லாரி ஓட்டுகிறான். மெஷின்களை வேலை நடக்கும் இடத்தில் இறக்கிவிட்டு, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவான். என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் அவன் பத்துச் சொல்லிவிடுவான்.

எல்லாம் முதலாளியின் மருமகன் வந்த பிறகு ஆரம்பித்தது. அவர் அதுவரை செல்போன் உறை விற்கும் கடை வைத்திருந்தார். கடை படுத்துவிட்டது. மாமனார் கூப்பிட்டு ஷெட் ஆபீஸில் உட்கார வைத்தார். வந்த முதல் மாதம் நாற்காலிகளை மாற்றினார், இரண்டாம் மாதம் பெயர்ப் பலகையை மாற்றினார். மூன்றாம் மாதம் மாற்றுவதற்கு வேறு எதுவும் கிடைக்காமல் ஏர் ஃபில்டருக்கு வந்து சேர்ந்தார். என்ஜின் கம்பெனி ஃபில்டர் விலை அதிகமாம், இவர் வாங்கி வந்தது பாதி விலையாம். இரண்டு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வந்து இறங்கியது. ஒவ்வொன்றையும் பளபளவென்று ஒரு உறையில் போட்டு, மேலே சீறிப் பாய்கிற சிங்கத்தின் படம் வேறு.

முதல் ஃபில்டரை ஒரு கட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். கயிற்றை ஒரே இழுப்பு, என்ஜின் கத்திக்கொண்டு எழுந்தது. பழையதைவிடச் சத்தம் தெளிவாக, வேகம் கூடுதலாக. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்களாம். என் வீட்டுக்காரர் மட்டும் என்ஜினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். ஃபில்டரை நடுவில் பிடித்திருக்கும் நட்டை நன்றாக இறுக்கினார். பிறகு ஒற்றை விரலால் ஃபில்டரைத் தள்ளினார். அது நகர்ந்தது.

"இறுக்கின பிறகு இது அசையக் கூடாதுங்க. அடியில ரப்பர் விளிம்பு ரெண்டு எம்.எம். கம்மியா இருக்கு. ரப்பரும் ரப்பரா இல்ல, கட்டை மாதிரி இருக்கு. இந்தச் சந்துல தூசி நேரா உள்ள போகும்."

"ரெண்டு எம்.எம்.முக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் மருமகன். "ஓடுதா இல்லையா, அதைச் சொல்லுங்கண்ணே."

"ஓடும். முதல்ல நல்லாத்தான் ஓடும். காத்து தடையில்லாம போகுதுல்ல, பழசைவிட ஜாஸ்தியாவே ஓடும். அப்புறம் ஒரேடியா படுத்துக்கும்."

முதலாளி அங்கேதான் நின்றிருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பம்பை வைத்துக்கொண்டு தொழிலை ஆரம்பித்தவர். அப்போது அந்தப் பம்பை என் வீட்டுக்காரரும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆனால் வயதாகிவிட்டது. வீட்டில் மகள் ஒரு பக்கம் இழுக்க, ஷெட்டில் என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் இழுக்க, மனிதர் அலுத்துப்போயிருந்தார்.

"நல்லா ஓடுதேன்னு அழற மெக்கானிக்கை இப்பத்தான்யா பாக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் குரலை மாற்றிக்கொண்டார். "சரி, ஒரு முடிவுக்கு வருவோம். ஆறு மாசம் டைம். முப்பத்தெட்டுலயும் இதையே மாட்டு. இந்த ஃபில்டரால ஒரே ஒரு என்ஜின் படுத்தாலும் மிச்சத்தைக் குப்பையில கொட்டிட்டுப் பழசையே வாங்கறேன். மாப்பிள்ளை அதுக்கப்புறம் ஒர்க்‌ஷாப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டார். எதுவும் படுக்கலைன்னா நீ கிளம்பிடணும். தினம் ஒரு பஞ்சாயத்து எனக்கு ஆகாது. சம்மதமா?"

"சம்மதங்க" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். வேலையை வைத்தா பந்தயம் கட்டினீர்கள் என்று முதலில் சண்டைக்குப் போனேன். அப்புறம் அவர் சொன்ன கணக்கைக் கேட்டு நிம்மதியானேன்.

"ஆறு மாசமா? மூணு மாசம் தாங்காது" என்றார். "நாலஞ்சு என்ஜினாவது புகையைக் கக்கும்."

"அப்போ நாமதான ஜெயிக்கிறோம்? கொடுத்ததை மாட்டிட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. அது போதும்."

"ம்" என்றார்.

அந்த 'ம்'மை நான் அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இருபத்துமூன்று வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாமல் போனது என் தப்புதான்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள், தட்டில் கை வைத்தபடியே கேட்டார். "உங்க பட்டறையில ஓரம் வெட்டிப் போடற ஷீட்டுத் துண்டு கிடைக்குமா? கொஞ்சம் கெட்டியா இருக்கணும். ஆனா அமுக்கினா அமுங்கணும்."

"எதுக்கு?"

"உக்கார்ற பெஞ்சுக்கு."

பொய் சொல்லிப் பழகாதவர் என்பதால் நானும் நம்பிவிட்டேன். பட்டறையில் கூட்டி ஒதுக்கிய குவியலிலிருந்து ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார். பெட்ரோலில் ஊறப் போட்டார், அதுவும் என் டம்ளரில். வெள்ளைத் துண்டு கரைந்து சளி மாதிரி ஆனது. நீலம் ஊதிப் பெருத்தது. சாம்பல் நிறம் மட்டும் அப்படியே இருந்தது. பெஞ்சில் உட்காருகிற துண்டைப் பெட்ரோலில் ஊற வைப்பானேன் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? டம்ளர் போன கோபத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி காயப் போட்டுவிட்டு இறங்கி வந்தால், கூடத்துத் தரையில் சாம்பல் நிற வளையங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு தகரத்தை வட்டமாக வெட்டி அளவுத் தகடு செய்திருந்தார். அதை ஷீட்டின் மேல் வைத்து என் ஓரம் சீவுகிற கத்தியால் சுற்றி அறுத்துக்கொண்டிருந்தார். சின்ன வளையல் கடை மாதிரி இருந்தது வீடு.

"இதெல்லாம் பெஞ்சுக்கா?"

தலையைத் தூக்கவில்லை. "அந்த ரெண்டு எம்.எம்.முக்கு" என்றார். "ஃபில்டருக்கு அடியில இதை வெச்சு இறுக்கினா சந்து அடைஞ்சிடும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பந்தயம் என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஒண்ணு படுத்தாப் போதும்னு முதலாளி வாயாலயே சொல்லியிருக்காரு. முப்பத்தெட்டுல ஒண்ணு! அதை விட்டுத் தொலைச்சா என்ன?"

"எதை?"

"எதையாவது!"

"எதையாவதுன்னா எதை?"

வாதத்துக்காக அவர் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பதில் எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு வாரமாகவே அந்த முப்பத்தெட்டையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி, எதைச் சாகவிடுவது என்று தேடிப் பார்த்து, முடியாமல்தான் கத்தியை எடுத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் நான் இறங்கவில்லை. வேலை போனால் எப்படிக் குடும்பம் நடத்துவது, இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று சத்தம் போட்டேன். அழவும் செய்தேன். கடைசியில் நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

"நாலாம் நம்பர் கட்டர் இருக்குல்ல, பழைய தகர டப்பான்னு அண்ணன்கூட திட்டுவானே, அதை விடுங்க. மத்ததுக்கெல்லாம் உங்க இஷ்டம்."

வளையங்களை எண்ணி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு "சரி" என்றார். முப்பத்தேழு வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மிச்சம் ஒன்று கண்ணாடி அலமாரியில், சீப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

அதற்கப்புறம் தினமும் காலையில் கண் விழித்ததும் நான் நினைத்தது நாலாம் நம்பர் கட்டரைத்தான். இன்றைக்காவது சாகாதா, இன்றைக்காவது சாகாதா என்று. நான் கண்ணால் பார்த்தேயிராத ஒரு மெஷின். ஐந்தாவது வாரம் என் அண்ணன் வந்தபோது, நாலாம் நம்பர் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்றான். எனக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து அலமாரியைப் பார்த்தேன். சீப்பு இருந்தது. வளையத்தைக் காணோம்.

"எங்கே அது?"

"மாட்டிட்டேன்."

நடந்தது இதுதான். நாலாம் நம்பர் கட்டரை எப்போதும் வாடகைக்கு எடுக்கிறவர் ஒரே ஆள், வயதான ஒரு கட்டர்காரர். அவருக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. அன்றைக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே, "தூசி அண்ணே, நாலாம் நம்பரு இப்போ கயிறு பஞ்சு மாதிரி வருது. தோளுக்கு எவ்வளவு சுகம் தெரியுமா? என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார். என்ஜினுக்குள் அழுத்தம் இருந்தால்தான் கயிறு இழுக்கும்போது கை கனக்கும். பஞ்சு மாதிரி வந்தால் உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆள் அதன் சாவைத்தான் சுகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"நாளைக்கோ மறுநாளோ நடுரோட்டுல நின்னுடும்" என்றார் என் வீட்டுக்காரர். "பாதி அறுத்த ரோட்டை வெச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவாரு? இவர் ஓட்டித்தான் கெட்டுச்சுன்னு மாப்பிள்ளை அவர் மேலயே எழுதிடுவாரு. அப்புறம் யாரும் அவருக்கு மெஷின் குடுக்க மாட்டாங்க."

அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலாம் நம்பரைப் பிரித்து, கையிலிருந்த காசில் பிஸ்டன் ரிங் வாங்கிப் போட்டு, முப்பத்தெட்டாவது வளையத்தையும் வைத்து மூடிவிட்டார். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. அந்தத் தேய்ந்த ரிங்கை மட்டும் முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைத்திருந்தால் பந்தயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"ஏன் காட்டலை?"

"காட்டினா யார் ஓட்டினதுன்னுதான முதல்ல கேப்பாங்க?"

மறுநாள் அந்தக் கட்டர்காரர் வந்து, தூசி அண்ணன் கை வைத்து மெஷினைக் கெடுத்துவிட்டார், கயிறு மறுபடி கல்லு மாதிரி ஆகிவிட்டது என்று ஆபீஸில் புகார் சொல்லிவிட்டுப் போனாராம். இதைச் சொல்லும்போது என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "மெஷினுக்கு இரக்கப்பட்டீங்க, சரி. அந்த ஆளுக்கு இரக்கப்பட்டீங்க, சரி. எனக்கு?" என்று அவரிடம் கேட்டேன். அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமும் இல்லை.

ஆறு மாதமும் முடிந்தது. ஒரு சனிக்கிழமை முதலாளி முப்பத்தெட்டையும் முற்றத்துக்கு இழுத்துவரச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கயிற்றை இழுத்தார்கள். எல்லாம் கிளம்பின. ஒரு துளி புகை இல்லை. முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், மருமகன் செல்போனில் படம் எடுத்தார். இவர் ஓரமாக நின்றார். என் அண்ணன் சொல்கிறான், எட்டாம் நம்பர் ஒரு நொடி திக்கியபோது இவர் முகம் வாடிவிட்டதாம். தோற்றுக்கொண்டிருக்கிற மனுஷன் அதற்குப் போய்க் கவலைப்பட்டிருக்கிறார்.

காலையிலேயே நான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தேன், வளைய விஷயத்தை இன்றைக்காவது சொல்லிவிடுங்கள் என்று. சொன்னார். ஒரு பம்பின் மூடியைத் திறந்து ஃபில்டரை எடுத்து, அடியில் இருந்த வளையத்தையும் எடுத்துக் காட்டினார். இது இல்லாவிட்டால் பாதி என்ஜின் இன்றைக்கு உயிரோடு இருக்காது என்றார்.

மருமகன் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். "செருப்பு அட்டை! மாமா, பாத்தீங்களா? அப்போ ஃபில்டர்ல ஒரு குறையும் இல்லை. ஒரு செருப்புத் துண்டுல தீர்ற விஷயத்துக்கா ஆறு மாசமா ஊரைக் கூட்டினாரு?"

முதலாளிக்கு வலித்தது வேறு இடத்தில். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் மெஷினுக்குள்ள கை வெச்சிருக்கே" என்றார். "உன்னை நம்பித்தானய்யா சாவியைக் குடுத்திருந்தேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போதும் இவர் சும்மா கிளம்பவில்லை. இத்தனை நாள் தான் செய்ததுபோல ஆறு வாரத்துக்கு ஒருமுறை வளையத்தை மாற்ற வேண்டும், பெட்ரோல் ஆவி பட்டுப்பட்டு அது பொடியாகிவிடும், பொடி உள்ளே போனால் தூசியைவிட மோசம் என்று மருமகனிடம் சொன்னார். ஆபீஸ் கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். என் அண்ணனிடமும் சொன்னார். அளவுத் தகட்டை ஒர்க்‌ஷாப் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். யாரும் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. என் அண்ணன் லாரிக்காரன், அவன் சொன்னால் யார் கேட்பார்கள்?

பிறகு நான்கு மாதம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வண்டி கழுவுகிற பம்பு, புல் வெட்டுகிற மெஷின் என்று ரிப்பேருக்கு வந்ததைப் பார்த்தார். ஊரின் மறுகோடியில் இதே மாதிரி இன்னொரு ஷெட் உண்டு. அதை ஒரு அம்மா நடத்துகிறார். நல்ல மெக்கானிக் கிடைக்காமல் தவிக்கிறார் என்று கேள்விப்பட்டுச் சொல்லி அனுப்பினோம். வரச் சொன்னார், பேசினார், ஒன்றாம் தேதியிலிருந்து வாருங்கள் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்குச் சாப்பாடு இறங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, இன்னொரு கையில் ஒரு காகித உறை. குரலில் அவ்வளவு மரியாதை. "அண்ணே, அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பையைத் திறந்து காட்டினார். கறுப்பாகப் பொடிப்பொடியாக என்னவோ இருந்தது.

"பதினோரு என்ஜின் போச்சுண்ணே. எல்லாத்தோட கார்புரேட்டர்லயும் இதுதான் இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் ஒரு சிட்டிகை எடுத்துக் கையில் தேய்த்தார். "வளையத்தை மாத்தவே இல்லையா? எந்தெந்த நம்பர்? நாலு? எட்டு? மிச்ச மெஷின் எதையும் கயிறு இழுக்காதீங்க. முதல்ல எல்லாத்தையும் திறந்து..."

"அதை அப்புறம் பாத்துக்கலாம்ண்ணே. இதைக் கொஞ்சம் படிங்க. மாமாவுக்கு உடம்பு சரியில்லை. யார் பண்ணினாங்கன்னு எழுத்துல இருந்தா அவர் மனசு ஆறும். கேஸ் கீஸ் எல்லாம் கிடையாது, சத்தியமா."

உறையிலிருந்து டைப் அடித்த ஒரு தாள் வந்தது. உரிமையாளருக்குத் தெரிவிக்காமல், அவருடைய சில இயந்திரங்களின் உள்ளே வெளிப்பொருளை நானாகவே வைத்தேன் என்று நாலு வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

"போடாதீங்க" என்றேன். மருமகன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். "அவர் தலை தப்பிக்க உங்க தலையைக் கேக்கறாரு. புரியலையா?"

இவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். பிறகு, "இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது எதிர்த்துப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். மருமகன் முகமும் மாறிவிட்டது.

இவர் பேனாவைத் திறந்தார். 'சில' என்கிற சொல்லை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே, அழகான கையெழுத்தில், 'முப்பத்தெட்டு' என்று எழுதினார். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார். "மத்ததெல்லாம் உண்மைதானே?" என்று என்னிடம் கேட்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஒன்றாம் தேதி நானும் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு மறுகோடி ஷெட்டுக்குப் போனேன். அவர் வாயை நம்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. அந்த அம்மா ஆபீஸில் இருந்தார். உட்காரச் சொன்னார். வழக்கம்போலச் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். அந்தத் தாளின் படம். எத்தனை ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

"இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்க."

"இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. உண்மையிலேயே அவருக்கு வருத்தமாக இருந்தது. தப்பிக்க ஒரு வழி விடுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "கோபத்துல ஒண்ணு ரெண்டுல வெச்சிருப்பீங்க. முப்பத்தெட்டுன்னு அவங்களா ஏத்தி எழுதிக்கிட்டாங்களா?"

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"இல்லைங்க" என்றார் என் வீட்டுக்காரர். நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "நானேதாங்க எழுதினேன். முப்பத்தெட்டுலயும் வெச்சேன். ஒண்ணைக்கூட விடலை."

அந்த அம்மா செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். வந்தது வந்தீர்கள், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார். நாங்கள் குடித்துவிட்டு வந்தோம்.